திரும்பிப் பார்க்காத கேட்சர்

என் அண்ணன் இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடுகிறான். கீழ்மட்டத் தொழில்முறை அணி ஒன்றில் கேட்சர். அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அவன் கையைப் புகழ்வார்கள். எவ்வளவு வேகமான பந்து வந்தாலும் கையுறை அசையாது, ஓரத்தில் வந்த பந்தையும் நல்ல பந்தாகக் காட்டிவிடுவான், அம்பயர்களிடம் அவனுக்கு நல்ல பெயர் என்பார்கள். சமீபத்தில் ஒருவர் அவனைப் பிறவியிலேயே அமைதியானவன் என்று எழுதியிருந்தார். வீட்டில் எல்லோரும் படித்தோம். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவன் கேட்சரானபோது நாங்கள் அமெரிக்காவில் பேர்லேண்ட் என்ற ஊரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. மட்டைக்காரனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தை வாங்குகிறவன்தான் கேட்சர். மற்றப் பையன்களுக்கு அப்படி உட்கார்ந்தால் முட்டி வலித்தது. இவன் வீட்டில் சோபா மேலேயே அப்படித்தான் உட்காருவான், அதற்காகத் திட்டும் வாங்குவான். கோச் இவனைப் பிடித்துப் போட்டுவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு விக்கெட் கீப்பராக இருந்தவர் அவர். அமெரிக்கா வந்த பிறகு அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றிலிருந்து சாயங்காலமானால் கராஜில் பயிற்சி. பந்து கையுறையின் நடுவில் விழுந்தால் ஒரு சத்தம், விளிம்பில் விழுந்தால் வேறு சத்தம் என்பார் அப்பா. எறிந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். சத்தத்தை மட்டும் கேட்டு "சரி" என்பார், இல்லையென்றால் "தப்பு" என்பார். அண்ணன் மறுத்துப் பேசியதில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்பயரிடம் கேட்கவும் சொல்லிக்கொடுத்தார். கிரிக்கெட்டில் கேட்காமல் அவுட் கிடைக்காது, கீப்பரே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது என்பது அவர் கட்சி. ஆபீஸில் ஒரு வாரம் லீவு கேட்கவே தொண்டையைச் செருமிக்கொண்டு அலைகிற மனிதர் இதைச் சொன்னபோது அம்மா மட்டும் சிரித்தாள்.

பேஸ்பாலில் விஷயம் நேர்மாறு. அம்பயர் கேட்சரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். ஒவ்வொரு பந்தும் சரியான உயரத்தில், சரியான இடத்தில் வந்ததா என்று அவராகவே சொல்வார். கேட்சர் திரும்பிப் பார்த்தால், ஊர் முன்னால் தன்னைச் சந்தேகப்பட்டதாக எடுத்துக்கொள்வார். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் ஓரமாக வந்த பந்து ஒன்றை வாங்கியதும் அண்ணன் சட்டென்று திரும்பி, இரண்டு கையையும் விரித்து அம்பயரைப் பார்த்துக் கத்தினான். அதே நேரத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அப்பாவும் கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து கத்தினார். அவரைக் குளவி கொட்டிவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பெண்மணி ஐஸ் பையை நீட்டினாள். அதன்பிறகு ஓரமாக வந்த ஒரு பந்தைக்கூட அம்பயர் நல்ல பந்து என்று சொல்லவில்லை. நாங்கள் தோற்றோம். வெளியூர் போய் ஆடும் அணிக்குக் கேட்சர் யார் என்பது அடுத்த சனிக்கிழமைதான் முடிவாக வேண்டும். இன்னொரு முறை திரும்பினால் மைதானத்தின் கோடியில் நிற்க வேண்டியதுதான் என்று கோச் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

காரில் திரும்பி வந்தோம். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற அண்ணன், வீட்டை நெருங்கும்போது தமிழில் சொன்னான்.

"அப்பா, நீங்க அங்க உக்காந்திருந்தா நான் திரும்பிருவேன். நெக்ஸ்ட் வீக் வராதீங்க, ப்ளீஸ்."

அப்பா சரி என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆனால் அம்மா ஃப்ரீவேயில் ஓட்டமாட்டாள். ஆகவே அடுத்த சனிக்கிழமையும் அப்பாதான் எங்களைக் கூட்டிப்போனார். ஆபீஸ் கால் இருக்கிறது என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டார். கார் நிறுத்துமிடம் கம்பி வலைக்கு நேர் பின்னால். பந்து எகிறி வந்து கண்ணாடியை உடைக்கும் என்று எல்லோரும் தூரத்தில்தான் நிறுத்துவார்கள். அப்பா முதல் வரிசையில் நிறுத்தினார். அம்மா கேட்டதற்கு, இங்கேதான் நிழல் என்றார். அங்கே நிழலே இல்லை.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது அம்மா என்னிடம் மோர் பாட்டிலைக் கொடுத்து அனுப்பினாள். நல்ல ஜூன் மாத வெயில். காரின் நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன. இன்ஜின் ஓடவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடக்க, அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். போன் பக்கத்து சீட்டில் கவிழ்ந்து கிடந்தது. மைதானத்திலிருந்து பந்து கையுறையில் விழும் சத்தம் வந்தது.

"சரி" என்றார் அப்பா.

நான் இன்னும் ஒன்றும் கேட்கவேயில்லை. வெயிலில் பிதற்றுகிறார் என்று பயந்துபோய் மோரை மடியில் வைத்துவிட்டு ஓடினேன். காரில் ஏசி கெட்டுவிட்டது, அப்பாவுக்கு மயக்கம் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா திரும்பிக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அந்தப் பக்கம் போய் அப்பாவைத் தொந்தரவு பண்ணாதே என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இவளுக்கு அப்பா மேல் அக்கறையே கிடையாது என்று எனக்குக் கோபமாக வந்தது.

கடைசிப் பந்தும் ஓரத்தில்தான் வந்தது. அண்ணன் வாங்கினான், வாங்கிய இடத்திலேயே கையை வைத்திருந்தான். திரும்பவில்லை. அம்பயர் வேண்டிய மட்டும் யோசித்துவிட்டு, நல்ல பந்து என்று வலது கையை உயர்த்தினார்.

காருக்கு வந்தபோது அப்பா கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மோர் பாட்டில் திறக்காமலே இருந்தது. என்னடா ஆச்சு என்று கேட்டார்.

"ஐ மேட் த டீம், அப்பா."

"அப்படியா" என்றார், அப்போதுதான் தெரிந்துகொள்கிறவரைப் போல.

முதலில் ஏசியை ரிப்பேருக்கு விடுங்கள் என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஏசியின் பொத்தானை அழுத்தினார். எங்கள் எல்லோர் முகத்திலும் ஜில்லென்று காற்று அடித்தது. எப்படித் தானாகவே சரியாயிற்று என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.