வார்டன் முன்னால் சொன்ன உண்மை

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் இறுதியாண்டு படித்தபோது நடந்தது இது. விடுதியில் என் அறைத்தோழி எருமப்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா சின்ன வெங்காயம் போடும் விவசாயி. வகுப்பில் எப்போதும் அவள்தான் முதலிடம்.

உடன் படித்த ஒருவனோடு அவள் பழகியது எனக்குத் தெரியும். நாள் தள்ளிப்போனதும் பயந்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்றேன். "எங்கூருக்காரங்க யாராச்சும் பார்த்துட்டா எங்கப்பா உசுரையே உட்ருவாருடி" என்று மறுத்துவிட்டாள். அவன் தனக்குத் தெரிந்த மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தான். டாக்டர் சீட்டு இல்லை, ஸ்கேன் இல்லை. லேசாக உதிரம் பட்டதும் எல்லாம் முடிந்தது என்று இருவரும் நிம்மதியானார்கள். நானும்தான்.

அடுத்த வாரம், காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் சரிந்தாள். முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டுவிட்டது. மெஸ் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்த வார்டன், சோடா வாங்கிவரச் சொன்னார். நான் அடம்பிடித்து ஆம்புலன்ஸை வரவழைத்தேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் நாடியைப் பிடித்தபடியே கேட்டார். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச? மாத்திரை ஏதாவது போட்டியா?" வார்டன் பக்கத்திலேயே நின்றார். அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். ஆனால் அவள் கண் செருகிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்.

கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் வளர்ந்திருக்கிறது. குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. இதற்கு அந்த மாத்திரை எந்த விதத்திலும் உதவாது என்றார் டாக்டர். உடனே அறுவை சிகிச்சை செய்து ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

காலில் தோட்டத்து மண்ணோடு ஓடிவந்த அவள் அப்பா, "ஏஞ்சாமி, எம்புள்ள பொழச்சுக்குமா?" என்றுதான் கேட்டார். பிழைத்துவிட்டாள் என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றதை வார்டன் சொன்னார். அவரிடம் மட்டுமல்ல, கல்லூரியிலும்.

வீட்டுக்கு அழைத்துப்போகிற அன்று, பரீட்சையை மட்டும் எழுதிவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சினாள். அவர் குரலை உயர்த்தவேயில்லை. "படிச்ச வரைக்கும் போதுஞ்சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

அவன் பரீட்சை எழுதினான். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் அவள் என் போனை எடுக்கவில்லை. ஒருமுறை அவள் அம்மா எடுத்து, "நல்லா இருக்கறா கண்ணு, இனிமேல் கூப்புடாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று வாயைத் திறந்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அவள் உயிரைக் காப்பாற்றிய அதே பேச்சுதான் அவள் படிப்பையும் நிறுத்தியது என்ற நினைப்பு, மருந்துக்கடையில் எந்தப் பெண்ணாவது குரலைத் தாழ்த்திப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திரும்ப வருகிறது.