மருந்துச் சூடு

எங்கள் அத்தையைப் பொறுத்தவரை நோய்க்குக் காரணம் ஒன்று கண்ணேறு, இல்லாவிட்டால் சூடு. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேர்த்தால் அது மருந்துச் சூடு. மறுபேச்சே கிடையாது.

அத்தை அப்பாவின் தங்கை, பக்கத்து வீடு. அம்மா போன பிறகு மடவார் வளாகம் தெரு வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா பட்டாளத்தில் இருந்தவர், அளந்துதான் பேசுவார். இந்த வயதிலும் சுகர் இல்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. சிறுநீரில் கிருமி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தார்கள். பவரான மாத்திரைக்குப் பத்தியம் வேண்டும் என்று அத்தை உத்தரவு போட, பசியில்லாமல் கிடந்த அப்பாவும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு காலையில் நான் ராஜபாளையத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவருக்குச் சட்டை நனைய வேர்த்தது. கை நடுங்கியது.

“மருந்துச் சூடுதான். உச்சியில எண்ணெய் வையி, மோரு குடு” என்றாள் அத்தை. நானும் வைத்தேன், கொடுத்தேன்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

“ஏட்டி, வெரசா சேலையை மாத்து. ராஜபாளையம் போயி படம் பாத்துட்டு வந்துருவோம். எங்க ஆத்தாவுக்குத் தெரிய வேண்டாம்.”

என்னை அம்மா என்று நினைத்துவிட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான்; இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்றுகூட ஆசையாக இருந்தது. அதற்குள் அவருக்கு நாக்குக் குழறி, கண் செருகியது. அலறியடித்து ஆட்டோ பிடித்தோம்.

விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், “சுகர் ரொம்ப இறங்கிருச்சே. சுகர் மாத்திரை போடுதாரா?” என்றார்.

“அவியளுக்குச் சுகரே கிடையாதும்மா!” என்றாள் அத்தை.

உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனையில் கிட்னியும் கொஞ்சம் தளர்ந்திருப்பது தெரிந்தது. மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர், வயதும் ஆகி, கிட்னியும் தளர்ந்து, சாப்பாடும் இல்லாவிட்டால் சுகர் நோய் இல்லாதவர்களுக்கும் இந்த மருந்து அபூர்வமாகச் சர்க்கரையை இறக்கிவிடும் என்றார். மருந்தை மாற்றி, மறுபடி இறங்கலாம் என்று அங்கேயே படுக்க வைத்தார். அத்தை முந்தானையால் அப்பாவின் உச்சி எண்ணெயைத் துடைத்தாள்.

அப்பா கண் திறந்து, “நீ வேலைக்குப் போகலியா தாயி?” என்றார். நான் அழுதுவிட்டேன். பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷம்தான். ஆனாலும் அம்மாவிடம் சிரித்த அந்த முகத்தை அவரிடம் தேடத்தான் செய்தேன்.

வீட்டுக்கு வந்து தேறிய பிறகு, அவர் அன்று பேசியதைச் சொல்லி, “அம்மாவைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களாப்பா?” என்று கேட்டேன்.

அப்பா வாசலைப் பார்த்தார்.

“எங்க தாயி? லீவு முடிஞ்சு போச்சு. அடுத்த லீவுக்கு வந்தா, உன்னைத் தூக்கி வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கா. பொறவு எங்க போக?”