அப்பாவைச் சிறையில் வைத்த சுண்டெலி

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சுண்டெலி. இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும், பின்சீட்டு வாண்டுகள் கப்சிப். "நான் பண்ணாததையா இதுங்க பண்ணப்போகுது?" என்பாள். அவள் பண்ணியதிலேயே பெரியது, எட்டு வயதில் குடும்பத்தோடு கோட்டை பார்க்கப் போன அன்று நடந்தது.

அவளுடைய அப்பா டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்க்க வேண்டுமானால் தூங்கும்போதுதான் பார்க்கவேண்டும். கோட்டையையும் அவர் அணிவகுப்பாகவே சுற்றிக் காட்டினார். முன்னால் அவர், பின்னால் அக்கா, அப்புறம் சுண்டெலி, கடைசியில் சாப்பாட்டுக் கூடையோடு அம்மா. தகவல் பலகை கண்ணில் பட்டால் போதும், விசில் ஊதி நிறுத்திவிடுவார். பிள்ளைகள் உரக்கப் படிக்கவேண்டும். மத்தியானத்துக்குள் சுண்டெலிக்குக் கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

"அப்பா, பசிக்குது."

"மாசக்கணக்கா இந்தக் கோட்டையை எதிரி வளைச்சுக்கிட்டு நின்னான். உள்ள இருந்தவன் பசிக்குதுன்னு சொன்னானா?"

"சொல்லியிருப்பான்பா. பலகையில எழுதாம விட்டிருப்பாங்க."

அக்கா களுக்கென்று சிரித்தாள். அப்பாவின் முறைப்பு அவளுக்குத்தான் கிடைத்தது.

அடுத்தது பாதாளச் சிறை. இரும்புக் கம்பிக் கதவு திறந்து கிடந்தது. அப்பா உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்று, "ஒரு கைதியோட நிலைமையைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க!" என்றார்.

சுண்டெலி நினைத்துப் பார்த்தாள். நினைத்துக்கொண்டே கதவை லேசாகத் தள்ளினாள். கதவு முனகிக்கொண்டே போய்ச் சாத்திக்கொள்ள, பூட்டு டக்கென்று விழுந்தது.

அப்பா கம்பியைப் பிடித்து உலுக்கினார், விசில் ஊதினார். ஒன்றும் அசையவில்லை. அம்மா மேலே போய் விசாரித்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தாள்.

"சாவி காவல்காரர்கிட்ட இருக்காம். அவர் சாப்பிடப் போயிருக்காராம். பதறாதீங்க, நாங்களும் சாப்பிட்டுட்டு வந்துடறோம்."

கம்பி வழியாக இரண்டு ரொட்டித் துண்டை நீட்டிவிட்டு, பிள்ளைகளைப் புல்வெளிக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்குத்தான் அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். சுண்டெலிதான் ரொட்டியைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் முதுகு பழுத்துவிடுமே!

திரும்பி வந்தால் சிறை முன்னால் ஒரே கூட்டம். கோட்டைக்காரர்கள் வேடிக்கைக்காக வைத்த பொம்மை என்று அப்பாவை நினைத்துவிட்டார்கள் போலும். "அம்மா, பொம்மை கண்ணைச் சிமிட்டுது!" என்று ஒரு குழந்தை கத்தியது. அப்பா வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கிள், என்ன திருடினீங்க?" என்றான் ஒரு பொடியன்.

அது சுருக்கென்று தைத்துவிட்டது. அப்பா விருட்டென்று திரும்பினார்.

"திருடலடா! ராஜாவையே எதிர்த்துப் பேசினேன்!"

கூட்டம் கம்பியை ஒட்டி நெருங்கி வந்தது. அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார். பலகைகளில் இருந்தது பாதி, இல்லாதது பாதி. படையெடுப்பு, துரோகம், பிரிந்த மனைவி எல்லாம் வந்தன. பிரிந்த மனைவி பின்வரிசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுண்டெலிக்குப் பயம் போய்க் குறும்பு வந்துவிட்டது. முண்டியடித்து முன்னே போனாள்.

"கைதியே, பசிக்குதா?"

"வீரனுக்கு ஏது பசி!" என்று முழங்கினார். மீசையில் ரொட்டித்தூள் ஒட்டியிருந்தது.

காவல்காரர் ஓடிவந்து பூட்டைத் திறந்தபோது அப்பா கையமர்த்தினார்.

"கொஞ்சம் இருங்கய்யா, இன்னும் தூக்குமேடைக்கே வரல."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

ஊர் திரும்பும் பேருந்தில் அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"நீதானே கதவைச் சாத்தினே?"

"காத்துப்பா."

"பாதாளத்துல ஏதுடி காத்து?"

சுண்டெலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில ஒரு அம்மா அழுதாங்களே, பாத்தியா?"

"பாத்தேன்பா. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாங்க."

அப்பா திருப்தியோடு சாய்ந்துகொண்டார். முன்சீட்டில் கண்ணை மூடியிருந்த அம்மா, திறக்காமலே சொன்னாள்:

"அதுக்காக அடுத்த தடவை நீங்களே போய் உள்ள பூட்டிக்காதீங்க."