மஞ்சள் விலை சொன்ன கிடார்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் அப்பா வீட்டில் ஒரு கிடார் மஞ்சள் விலை சொன்னது.

சிரிக்காதீர்கள். ஈரோட்டில் விரலி மஞ்சள் என்ன விலை, கிழங்கு மஞ்சள் என்ன விலை என்று கணீரென்று ஓர் ஆண் குரல். ரேடியோவா? அது ரிப்பேராகிப் பரண்மேல் கிடக்கிறது. டிவியா? அதை யாரும் போடவே இல்லை. குரல் வந்தது என் தம்பி பிரபுவின் கிடார் ஸ்பீக்கரிலிருந்து. கிடாரோ கட்டில்மேல் சும்மா கிடக்கிறது. ஒருவரும் தொடக்கூட இல்லை!

எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்பாவுக்குக் கோவை கணபதியில் வீட்டை ஒட்டியே பட்டறை. கிணற்று மோட்டார் செய்கிறார். பிரபு வாரம் முழுக்க அங்கே மோட்டார் காயிலுக்குச் செம்புக்கம்பி சுற்றுவான். முகூர்த்த நாள் வந்தால் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிக்கப் போய்விடுவான். அப்பாவைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது வேலை இந்த உலகத்திலேயே கிடையாது. கிடார் என்ற வார்த்தைகூட அவர் வாயில் வந்ததில்லை. "அந்த டொய்ங்கு" என்பார். அவ்வளவுதான்.

கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? மிதித்தால் போதும்... சாதுவாக இருந்த கிடார் உறும ஆரம்பித்துவிடும். கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது என்று பிரபு அதைத் தானே செய்தான். டிரான்சிஸ்டர், பேட்டரி, நாலைந்து சில்லறைச் சாமான்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடைத்தான். உறுமல் என்னவோ பிரமாதம். கூடவே ஓர் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் ரேடியோ!

அன்னூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். உருக்கமான பாட்டு, பாடகி மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார். அந்த இடைவெளியில் ஸ்பீக்கர் தெளிவாகச் சொன்னது — தென்னைக்கு இப்போது என்ன உரம் வைக்கலாம் என்று. மண்டபமே கொல்லென்று சிரித்ததாம். ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "அடுத்த ஞாயித்துக்கெழம கோபியில கல்யாணக் கச்சேரி தம்பி. பொட்டி பேசுச்சுன்னா நீ எறங்கிக்க. நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

பையன் இடிந்துபோய்விட்டான். சோறு இறங்கவில்லை.

இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை அவன் என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் மறுநாள் பிரபுவின் மேஜைமேல் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. மோட்டாரின் பக்கவாட்டில் வயர் இணைக்க ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்குமே, அது. வயருக்கும் சுவிட்சுக்கும் துளை போட்டு, உள்ளேயும் வெளியேயும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூசி, அதற்குமேல் பச்சை பெயிண்ட். மூடிக்கு ரப்பர் பட்டை வேறு!

எங்கள் பட்டறை வழக்கம் அது. மோட்டார் என்றால் கிணற்றடியில் நனைந்துகொண்டேதான் கிடக்கும். ஒரு மூலையில் பெயிண்ட் விட்டுப்போனாலும் துரு ஏறிவிடும். அதனால் கடைசி பெயிண்டை அப்பா வேறு யாரையும் அடிக்க விடமாட்டார். அந்தக் கையால் அந்த "டொய்ங்கு"க்கு ஒரு பெட்டி! பிரபு அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

சரி, மாற்றிப் பொருத்தினானே... சத்தம் நின்றதா? அதுதான் இல்லை. விடிந்தால் கோபி. சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் விலை!

அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன் சாமி, பொட்டிக்குள்ள ரேடியோ வெச்சுப்போட்டயா?"

"இல்லீங்கப்பா. காத்துல வாரதுங்க. எப்பவுமே இங்கதான் இருக்குது. இந்தப் பொட்டி அதப் புடிச்சுப்போடுது."

அப்பா அண்ணாந்து பார்த்தார். நானும்தான். மின்விசிறி தவிர அங்கே ஒன்றும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உங்கள் மூக்குக்கு முன்னால் மஞ்சள் விலை போய்க்கொண்டிருக்கலாம். வானிலை அறிக்கை உங்கள் காபி டம்ளரைத் தாண்டிப் போகலாம். யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டே உங்கள் தலைக்குள் புகுந்து வெளியேறலாம். நமக்குத் தெரிகிறதா? ஒரு சோப்பு டப்பாவுக்குத் தெரிந்திருக்கிறதே! அம்மாடியோவ்!

பிரபு பேட்டரியை மாற்றினான். வயரை மறுபடி பற்றவைத்தான். ட்யூப் லைட்டை அணைத்தான். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, மஞ்சள் விலை குறையவில்லை. எரிச்சலில் பெட்டியைத் திருப்பும்போது கை நழுவி 'டங்'கென்று சிமெண்ட் தரையில் விழுந்தது. மூலையில் பெயிண்ட் தெறித்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"அடடா... இரு சாமி, பிரஷ் எடுத்தாரேன்" என்று அப்பா பட்டறைக்குள் ஓடினார்.

பிரபு அந்தப் பளபளப்பையே பார்த்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒரு முனையை அந்த இரும்பில் வைத்தான். தண்டைச் சாய்த்து, வயர் செருகும் இடத்திலிருந்த நட்டைத் தொட்டான்.

மௌனம்!

ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எடுத்தான், மஞ்சள் விலை. வைத்தான், மௌனம். இப்படியும் நடக்குமா? அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

அதற்குள் அப்பாவின் செருப்புச் சத்தம். வெளிச்சம் அணைந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணும் புடிபடலீங்கக்கா" என்றான் என்னிடம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பிரஷ்ஷைப் பச்சையில் தோய்த்தார். எனக்குத்தான் வாயில் பூட்டு கிடையாதே...

"அப்பா, நில்லுங்க! அந்தப் பெயிண்ட்டுதானுங்க கோளாறே!"

பிரபு என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகாமல் இருந்தது அதிசயம்.

"என்ற பெயிண்ட்டா? நான் அடிச்சதா?" என்றார் அப்பா. பிரஷ் அப்படியே அந்தரத்தில் நின்றது.

வேறு வழியில்லாமல் பிரபு சொன்னான். "இரும்பும் நட்டும் ஒண்ண ஒண்ணு தொடோணுங்கப்பா. மூடியும் தொடோணும். தொட்டாத்தான் பொட்டி காவல் நிக்கும். நடுவுல பெயிண்ட்டும் ரப்பரும் இருக்குதுங்க. அதான்..."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

அவன் தலை குனிந்துகொண்டான். "நீங்க அடிச்சதுங்கப்பா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபிக் கச்சேரியே போனாலும் போகட்டும், அப்பா பூசியதில் கை வைக்க மாட்டானாம். அப்பாவும் பிள்ளையும் வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. இவ்வளவு பிரியத்தை இந்த இரண்டு பேரும் எங்கேதான் ஒளித்து வைத்திருந்தார்கள்?

அப்பா பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது கையில் உப்புத்தாள்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துளையைச் சுற்றி, மூடியின் விளிம்பில், அவர் அடித்த பெயிண்டை அவரே தேய்த்தார். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை. பிரபு கை நீட்டியபோது தரவில்லை. ரப்பரைப் பிய்த்து எறிந்தார். வாயால் ஊதித் தூசியைத் தள்ளிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேடையில மழ பேஞ்சா?"

"தொடச்சுக்கறனுங்கப்பா."

மூடி ஏறியது. மௌனம். பிரபு பெட்டியை மிதித்து, கிடார் கம்பியில் ஒரே ஒரு தட்டு தட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கையை எடுத்தான், மறுபடியும் சுத்தமான மௌனம். அப்பா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார்.

"ஏன் சாமி, மஞ்ச வெல எங்க போச்சு?"

"இங்கயேதானுங்கப்பா இருக்குது. உள்ள வரல, அவ்வளவுதான்."

அப்பா கையை விரித்துக் காற்றில் மெதுவாக அளைந்து பார்த்தார். மோட்டார் சத்தத்திலேயே வயதான மனிதர், சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. எத்தனையோ கோபுரம் பார்த்திருக்கிறேன், அருவி பார்த்திருக்கிறேன். இப்படி மலைத்துப்போய் நின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோபிக்கு அப்பாவும் கிளம்பிவிட்டார். "மாப்பள ஊட்டுக்காரங்க நம்ம மோட்டாருதான் வாங்கறாங்க அம்மணி, போகாட்டித் தப்பாப் போயிரும்" என்றார். நான் நம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

முன்வரிசையில் உட்கார்ந்தார். பிரபு பெட்டியை மிதித்தான். கிடார் உறுமியது. பாடகி மூச்சு வாங்க நிறுத்தினார்... ஸ்பீக்கரில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் அப்பாவிடம் குனிந்தார். "ஏனுங்க, பையன் சூப்பரா வாசிக்கறானுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பையனுங்களா?"

அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார். "என்ற பையந்தானுங்க. கிடாரு அவன் வாசிக்கறான்... அந்தப் பொட்டியில பெயிண்ட்டு சொரண்டுனது நானுங்க."