எண்ணெய் தடவாத நாற்காலி

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நகரச் சுகாதாரத் துறையின் கொசுப் பிரிவில், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. காலில் கொசு வந்து அமர்ந்ததும், அது ஊசியை இறக்குவதற்குள் கண்ணாடிக் குழலை அதன்மேல் கவிழ்க்க வேண்டும். குழலின் மறுமுனையில் ரப்பர்க் குழாய் இருக்கும். அதை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் கொசு குழலுக்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் போகாது. பிடித்ததை வலை கட்டிய காகிதக் கோப்பைக்குள் ஊதிவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோப்பை. இன்னமும் ஒப்பந்த ஊழியர்தான் என்றாலும், பத்தொன்பது வருடங்களாக இதைச் செய்கிறார்.

கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் தேன்கால். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தால் மூன்று பேர் கோப்பையில் ஐந்தும் ஆறுமாக இருக்கும்போது இவர் கோப்பை மட்டும் கறுத்துக் கிடக்கும். ஏன் என்று யாரும் ஆராயவில்லை. வியர்வை வாடையோ, மூச்சோ, பிறவி யோகமோ. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் தன் கண்ணை மறைத்தது என்று இப்போது அவரே சொல்கிறார். சொல்லும்போது குரல் ஏறிவிடுகிறது.

போன வருடம் ஒரு கம்பெனி கொசு எண்ணெய் கொண்டுவந்தது. பச்சைப் பாட்டில், உள்ளங்கை அளவு. கையிலும் காலிலும் தடவிக்கொண்டால் மூன்று மணி நேரத்துக்குக் கொசு கிட்டே வராதாம். சோதனை நடத்த ஒரு ஆராய்ச்சியாளர் வந்தார். சட்டைப்பையில் நான்கு பேனா. துறையின் கிடங்குக்குப் பின்னால், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு நாற்காலிகள் போடச் சொன்னார். இடது நாற்காலிக்குப் பின்னால் பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. வலது நாற்காலிக்குப் பின்னால் வெறும் சுவர். காய்ச்சல் பரப்பும் இந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதால் தினமும் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, பன்னிரண்டு நாட்கள்.

இடது நாற்காலியில் வெறுங்காலோடு தேன்கால். வலது நாற்காலியில் எண்ணெய்க் காலோடு ஒட்டடை. ஒட்டடை என்பது அவருடைய கூட்டாளி. ஆறடி உயரம், எலும்பும் தோலுமான உடம்பு, கொசுவே பரிதாபப்பட்டு விட்டுவிடும் என்று கேலி பேசுவார்கள்.

“தினமும் நானேதான் வெறுங்காலா சார்?” என்று மூன்றாம் நாள் கேட்டார் தேன்கால்.

“உங்க கால் ஒரு வரம். வெறுங்கால்ல நிறைய விழுந்தாத்தான் வித்தியாசம் பளிச்சுனு தெரியும்.”

வரம் என்றதும் இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து இன்னும் சுறுசுறுப்பாகப் பிடித்தார். பன்னிரண்டு நாள் முடிவில் தேன்கால் நானூற்றுப் பன்னிரண்டு, ஒட்டடை முப்பத்தேழு. தொண்ணூற்றொரு சதவீதப் பாதுகாப்பு என்று ஆராய்ச்சியாளர் அறிக்கை எழுதினார். அதிகாரி அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பக்கத்தில் தேன்காலின் போட்டோவும் இருந்தது, முழங்கால் தெரிய.

அந்தப் போட்டோவைக் கைப்பேசியில் எடுத்துவந்து மனைவியிடம் காட்டினார். மனைவிக்கு லாரி எடைமேடையில் வேலை. வண்டியைக் காலியாக ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை நிறுத்தி எடை எழுதும் வேலை. மனைவி போட்டோவைப் பார்த்துவிட்டு, அறிக்கையையும் கேட்டு வாங்கி வாசித்தார்.

“ஏங்க, அந்த ஒட்டடைத் தம்பிக்கு எண்ணெய் இல்லாம எத்தனை விழும்?”

“அது எதுக்கு?”

“காலி வண்டிய எடை போடாம சரக்கு இவ்வளவுன்னு எப்படி எழுதினாங்க? எங்க மேடையில இப்படி எழுதினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“நாலு பேனா வெச்சிருக்கார். அவருக்குத் தெரியாததா?”

“நாப்பது வெச்சிருக்கட்டும். நான் உங்க பக்கத்துல உக்காந்தா என்னைக்காவது கொசுவத்தி ஏத்தியிருக்கேனா? எனக்கு நீங்கதான் கொசுவத்தி. எல்லாம் உங்ககிட்ட வந்துடுது. நானும் ஒரு எண்ணெயும் தடவறது இல்ல.”

அவர் அறிக்கையில் இருந்த இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தார். மறுநாள் ஒட்டடையைக் கூப்பிட்டார். அந்த வாரம் இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். நான்கு பிற்பகல்கள் கேட்டார்.

“எதுக்குண்ணே ஓசியில கடி வாங்கணும்?” என்றார் ஒட்டடை.

“நீ எங்கடா கடி வாங்கின? வந்து உக்காரு.”

எண்ணெயே கிடையாது, இருவருக்கும் வெறுங்கால். முதல் இரண்டு நாள் பழைய இடங்களிலேயே உட்கார்ந்தார்கள். இடது நாற்காலியில் தேன்காலுக்கு முப்பத்துநான்கு, முப்பத்தொன்று. வலது நாற்காலியில் ஒட்டடைக்கு ஐந்து, நான்கு. அடுத்த இரண்டு நாள் இடம் மாறினார்கள். சுவர்ப் பக்கம் போன தேன்காலுக்கு இருபத்திரண்டு, இருபத்துநான்கு. டயர்ப் பக்கம் வந்த ஒட்டடைக்கு ஏழு, எட்டு. நாற்காலியிலும் கோளாறு, ஆளிலும் கோளாறு. டயர்க் குவியல் இருவருக்குமே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தது. ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் தேன்கால் தேன்கால்தான்.

மனைவி கணக்குப் போட்டார். சோதனையில் உட்கார்ந்த அதே இடங்களில், முதல் இரண்டு நாளைக்கு அறுபத்தைந்துக்கு ஒன்பது. ஒரு சொட்டு எண்ணெய் தடவாமலேயே ஒட்டடைக்கு எண்பத்தாறு சதவீதப் பாதுகாப்பு.

“தொண்ணூத்தொண்ணுல எண்பத்தாறு உங்களோடதுங்க,” என்றார். “மிச்சம் அஞ்சுதான் அந்தப் பாட்டிலோடது. அதுவும் இருந்தா.”

காகிதத்தை எடுத்துக்கொண்டு தேன்கால் அதிகாரி அறைக்குப் போனார். ஆராய்ச்சியாளரும் அங்கே இருந்தார். இரண்டு பேரும் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

“சோதனையை அமைக்கிறது எங்க படிப்பு. நீங்க நாலு நாள் பொழுதுபோகாம பண்ணதெல்லாம் சோதனை ஆகாது,” என்றார் ஆராய்ச்சியாளர்.

“பன்னெண்டு நாள் ஒரே ஆள ஒரே நாற்காலில உக்கார வெச்சா மட்டும் ஆகுமா சார்?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “உங்க வேலை காலை நீட்டறது. மூக்கை நீட்டறது இல்ல. ஒப்பந்தம் மார்ச்சோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்.”

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவரும் விட்டிருப்பார், மகள் மட்டும் ஆற்றோரக் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டிருக்காவிட்டால். மகளுக்கு ஏழாம் மாதம். முந்தின வருடம் இதே கொசுக் காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அந்தக் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் வீட்டுக்கு வீடு தொட்டி உண்டு. துறையின் தொட்டிக்குழு வாரம் ஒரு முறை போய்ப் புழு பார்த்து, தொட்டியைத் தேய்த்து, மூடியைச் சரிசெய்துவிட்டு வரும். எண்ணெய் வந்துவிட்டால் அந்தக் குழு தேவையில்லை என்று ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் மகள் வீட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே தொட்டி. மூடி சுவரில் சாய்ந்து நின்றது. எட்டிப் பார்த்தார். புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன, நூற்றுக்கணக்கில்.

“என்னம்மா இது?”

“மூடி கனமா இருக்குப்பா. குனிஞ்சு தூக்க முடியல. அதான் இது குடுத்துட்டாங்களே.” மகள் ஜன்னல் விளிம்பிலிருந்து பச்சைப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். “வீட்டுக்கு ரெண்டு. பாட்டில்ல உங்க கால் படம் போட்டிருக்கு பாருங்க. தெருவுல எல்லார்கிட்டயும் எங்கப்பா கால்னு சொல்லிட்டேன்.”

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்ணூற்றொரு சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மேலே அவருடைய முழங்கால்.

“ஊர் காதுல பூ சுத்தறதுக்கு என் காலா கிடைச்சுது?” என்றார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தார். தேய்த்தார், மூடியைத் தூக்கி வைத்தார். ஆனால் குடியிருப்பில் இருநூற்றுப் பத்து தொட்டிகள். பக்கத்து வீட்டு மூடி கோழிக்கு நிழலாக நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை சுகாதாரக் குழுக் கூட்டம். தொட்டிக்குழுவை நிறுத்துவதற்கு அன்று ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். அதற்கு முன் உறுப்பினர்களுக்கு நேரடியாகக் காட்டலாம் என்று ஆராய்ச்சியாளர் இரண்டு வலைக்கூண்டுகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஐம்பது பசித்த கொசுக்கள், ஆய்வகத்தில் நோயில்லாமல் வளர்த்தவை. கூண்டில் தைத்த துணிக் குழல் வழியாகக் கையை முழங்கை வரை நுழைத்து ஒரு நிமிடம் வைக்க வேண்டும். எத்தனை அமர்கின்றன என்று எண்ண வேண்டும். காட்சிப் பொருட்களாக வரவழைக்கப்பட்டவர்கள், வேறு யார், தேன்காலும் ஒட்டடையும்தான்.

வெறுங்கையோடு தேன்கால், எண்ணெய்க் கையோடு ஒட்டடை. ஒரு நிமிடம். இருபத்து மூன்றுக்கு இரண்டு. உறுப்பினர்கள் கை தட்டினார்கள். அதிகாரி கோப்பைத் தலைவரிடம் நகர்த்தினார். தலைவர் ஒரு பெண்மணி. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் பேனாவையும் திறந்துவிட்டார்.

“அம்மா, கையெழுத்துக்கு முன்னால ஒரு நிமிஷம்,” என்றார் தேன்கால். கை இன்னும் கூண்டுக்குள்ளேயே இருந்தது. “நிஜமாவே ஒரே ஒரு நிமிஷம்தான். இப்ப எண்ணெய என் இன்னொரு கையில தடவுங்க. இவன் கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரட்டும். மாத்தி வெச்சுப் பாப்போம்.”

“அதெல்லாம் தேவையில்லம்மா,” என்றார் ஆராய்ச்சியாளர்.

“ஏன் தேவையில்ல?” என்று தலைவர் கேட்டது வம்புக்கு அல்ல, சாதாரணமாகத்தான். “எண்ணெய் நல்ல எண்ணெய்னா யார் கையில இருந்தா என்ன? கழுவிட்டு வாங்க தம்பி.”

ஒட்டடை கழுவிவிட்டு வந்தார். தேன்காலின் இடது கையில் எண்ணெயை ஆராய்ச்சியாளரே தடவினார், வேண்டுமென்றே தாராளமாக. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆனது. எண்ணெய் தடவிய தேன்கால் கையில் பதினான்கு. எண்ணெய் தடவாத ஒட்டடை கையில் ஆறு.

தலைவர் இரண்டு எண்களையும் கோப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

“ஒரு தடவை பண்ணிப் பாக்கிறது எதுக்கும் ஆதாரம் ஆகாது,” என்றார் ஆராய்ச்சியாளர். முகம் சிவந்திருந்தது.

“நானும் அதைத்தான் சார் சொல்றேன்,” என்றார் தேன்கால். “முதல் நிமிஷத்துக்கு மட்டும் எல்லாரும் கை தட்டினாங்களே, அதுவும் ஒரு தடவைதானே?”

சட்டைப்பையிலிருந்து மனைவி கணக்குப் போட்ட காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். இத்தனை நாள் அடக்கிவைத்த கோபம் எல்லாம் அப்போது வந்தது. “நானூத்துப் பன்னெண்டு கொசுவுக்குக் கால நீட்டினேம்மா. எல்லாத்தையும் கடிக்கறதுக்கு முன்னாலயே பிடிக்க முடியாது. ஊருக்கு உபயோகப்படும்னுதான நீட்டினேன்? சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் எந்த நாற்காலின்னு தினமும் மாத்தியிருக்கலாம். எண்ணறவருக்கு யார் கால்ல எண்ணெய்னு தெரியாம வெச்சிருக்கலாம். காலணா செலவில்ல. அதைக்கூடப் பண்ணாம என் கால பாட்டில்ல ஒட்டி எம் பொண்ணு வீட்டுக்கே குடுத்திருக்காங்க. அவ அதை நம்பித் தொட்டிய மூடாம வெச்சிருக்கா.”

தலைவர் பேனாவை மூடினார்.

மறுபடி சோதனை நடந்தது. பதினாறு நாட்கள், நான்கு பேர், நான்கு நாற்காலிகள். டயர்களை முதலில் அப்புறப்படுத்தினார்கள். ஒரே வாசனையில் இரண்டு வகைப் பாட்டில்கள். ஒன்றில் மருந்து, மற்றதில் சாதா எண்ணெய், மேலே எண் மட்டும். எந்த எண்ணில் எது என்று எழுதிய தாள் ஒட்டிய உறைக்குள் தலைவரின் அலமாரியில் இருந்தது. காலையில் சீட்டு எடுப்பார்கள். அந்தப் பதினாறு நாட்களும் தொட்டிக்குழு ஆற்றோரத்துக்குப் போக வேண்டும் என்பதையும் தலைவர் எழுத்தில் கொடுத்தார். ஆராய்ச்சியாளரும் தினமும் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்று தேன்கால் ஒப்புக்கொள்கிறார்.

உறையைப் பிரித்தார்கள். எண்ணெய் முழுப் பொய்யும் இல்லை. முதல் அரை மணி நேரம் பாதிக் கொசுக்களைத் தள்ளி வைத்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, தடவியதும் ஒன்றுதான், தடவாததும் ஒன்றுதான். தொட்டிக்குழுவை நிறுத்தும் கோப்பு மூடப்பட்டது. பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச்சில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மகளுக்கு அதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது, காய்ச்சல் எதுவும் இல்லாமல். அவர் தொட்டிக்குழுவோடு அந்தத் தெருவுக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, புது அறிக்கையின் நகலைக் கொண்டுபோயிருந்தார். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த மனைவி அதை வாசித்தார். இவர் மூடிக்குப் புதுக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தார், மகள் ஒரு கையால் தூக்கும்படி.

“‘பிடிப்பவர்களுக்கு இடையிலான வேறுபாடு முன்பே அறியப்பட்டிருந்ததால், அதற்கேற்பச் சோதனை அமைக்கப்பட்டது,’” என்று வாசித்தார் மனைவி.

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. “என்ன, என்ன? முன்பே அறியப்பட்டிருந்ததா? யாருக்கு? மூக்கை நீட்டாதேன்னு சொன்னாரே அவருக்கா?”

“எனக்குத் தெரியுமே,” என்றார் மனைவி. “இருபத்தாறு வருஷமா.”

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கைப்பிடியை இறுக்கி, மூடியைத் தொட்டிமேல் வைத்து, இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை வாங்கி, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ‘யாரால்?’ என்று எழுதினார். மறுநாள் காலை அது அதிகாரியின் மேசையில் இருந்தது. பதில் இன்னும் வரவில்லை. வாரா வாரம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்.