அவர்கள் கொண்டுவந்த கூடை

மூன்று வருடமாக ஒருவர் படத்துக்கு ஒருவர் 'அருமை சார்' போட்டுக்கொண்டிருந்த எங்கள் புகைப்படக் குழுவிலிருந்து, நான்கு பேர் என்னைப் பார்க்கக் குன்னூர் வந்தார்கள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் என்று குழுவில் எழுதியிருந்தேன். முதலாளி வீட்டுப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை, வெட்கங்கெட்டவன்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். இங்கே கொழுந்தைக் கத்தரியால் வெட்டிச் சாக்கில் போட ஆரம்பித்துப் பல காலமாகிறது. படத்துக்கு அது ஆகாதாம். வரும் வழியில் வாங்கிய புத்தம்புது மூங்கில் கூடையைக் காரிலிருந்து இறக்கினார்கள்.

கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையில் முதலில் நின்றது என் அக்கா.

"சார், அந்த லேடியக் கத்தரியக் கீழ வைக்கச் சொல்லுங்க. ஃப்ரேமே கெடுது" என்றார் ஒருவர்.

நான் அவளிடம் சொன்னேன்: "ஏனுங்கம்மா, கத்தரிய வெச்சுட்டு இந்தக் கூடைய மாட்டிக்குங்க."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்தப் பாழாய்ப்போன கூடையை மாட்டிக்கொண்டு, கையால் கொழுந்து கிள்ளினாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

சாயங்காலமே குழுவில் படம் வந்துவிட்டது. 'மலையின் மாறாத மகள்' என்று தலைப்பு. பழக்கதோஷத்தில் நானும் 'அருமை சார்' போட்டேன்.

வீட்டில் அக்கா என் போனைக் கேட்டு வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். கீழே நான் எழுதியிருந்ததையும் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்து கேட்டாள்:

"ஏனுங்க சார், சோறு போடட்டுங்களா?"