நாங்கள் போடாமல் போன சண்டை

கோவிட் முடிந்து ஜிம்மெல்லாம் திறந்த மறு வருடம் நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் நான் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தேன். பகலில் சுபாங் ஜெயாவில் ஆபீஸ் வேலை, மாலையானால் குத்து. பெண்பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை.

அங்கே எனக்கு ஒரு தோழி. கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரி, துறைமுகத்தில் கிளார்க். வேலை முடிந்து கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவாள். கோவிடுக்கு முன்னும் பின்னுமாக மூன்று வருடம் அவள் குத்தை நானும் என் குத்தை அவளும் வாங்கித்தான் தேறினோம். இருவரும் ஒரே எடை. வினையே அதில்தான். மாநில அணியில் அந்த எடைக்கு ஒரே ஓர் இடம், தேர்வுக்குப் பெயர் கொடுத்ததோ நாங்கள் இரண்டு பேர் மட்டும். மேடையில் ஜெயிக்கிறவள் போகலாம். இரண்டு பேருமே அந்த நாளுக்காகக் காத்துக்கிடந்தோம்.

மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு ஞானோதயம் வந்தது. பளுதூக்குபவர்கள் மாதிரி கம்பியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தோளுக்கு ஏற்றிப் பழகினால் குத்து இடியாக இறங்கும் என்று போனில் வீடியோ பார்த்தே நம்பிவிட்டேன். கோச் வேண்டாம் என்றார். அது நல்ல பயிற்சிதான், ஆனால் ஒழுங்காகக் கற்கவே ஆறு மாதம் ஆகும், இப்போதைக்குக் குதிப்பதும் கனமான பந்தை எறிவதும் போதும் என்றார். எனக்குக் காதில் ஏறினால்தானே? அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோழியையும் இழுத்துக்கொண்டு கம்பி இருந்த மூலைக்குப் போனேன். அவளுக்கு அதில் விருப்பமே இல்லை, எனக்காகத்தான் வந்தாள்.

அப்போதுதான் குத்துப் பயிற்சி முடித்திருந்தோம். மணிக்கட்டு ஆடாமல் இருக்க இறுக்கிச் சுற்றும் துணிப்பட்டை இருவர் கையிலும் அப்படியே இருந்தது.

"இத அவுக்கவா?" என்று கேட்டாள்.

"வேணாம் லா, திரும்ப சுத்த நேரமாகும். கட்டு இருந்தா கைக்கு நல்லதுதானே" என்றேன்.

குத்துச்சண்டைக்காரிக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் அது. குந்தியபடி கம்பியைத் தோளில் வாங்கும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கி, முழங்கை மேலே வர வேண்டும். கட்டுப்போட்ட கை எப்படி மடங்கும்? மாறி மாறித் தூக்கியதில், மூன்றாவது தடவை அவள் முழங்கை ஏறவில்லை, தொடையில் போய் இடித்தது. மொத்தக் கனமும் வலது மணிக்கட்டில் இறங்கியது. தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, "போச்சு டி" என்றாள்.

எலும்பு முறிந்திருந்தது. தேர்வு நாளில் நான் கையுறை மாட்டி மேடை ஏறினேன். எதிர் மூலை காலி. நடுவர் என் கையைத் தூக்கி, ஜெயித்ததாக அறிவித்தார். கீழே அவள் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, கைதட்டுவது போல் நல்ல கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. பிறகு மாநிலத்துக்காகப் போய் முதல் சுற்றிலேயே தோற்றேன். அது எனக்கு வலிக்கக்கூட இல்லை.

கை ஆறிய பிறகும் அவள் குத்துக்குத் திரும்பவில்லை. கல்யாணமாகி ஜொகூர் போய்விட்டாள். நான் ஒரு பளுதூக்கும் அக்காவிடம் கம்பி தூக்க முறையாகக் கற்றுக்கொண்டேன். பலன் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். புதிதாக வரும் பெண்கள் கேட்டால் செய்யுங்கள் என்றே சொல்கிறேன், ஆனால் போட்டி தூரத்தில் இருக்கும்போது, கைக்கட்டை அவிழ்த்துவிட்டு.

போன தீபாவளிக்குப் போனில் பேசியபோது, இத்தனை வருடம் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன், என் மேல் கோபமா என்று.

"கோவம்லாம் இல்ல டி. நம்ம ரெண்டு பேருல யாரு ஜெயிச்சிருப்பான்னு தெரியாமலே போச்சே, அதான்" என்றாள்.

அவளிடம் தோற்றிருந்தால்கூட அது என் சண்டையாக இருந்திருக்கும். இப்போதும் மேடை ஏறி மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும், எதிரே அவள் நின்றிருக்கக் கூடாதா என்று என் மனசு ஏங்கத்தான் செய்கிறது.